குமரியில் ‘ஒரே நாளில் எல்லா இடமும்’ பேக்கேஜ்: எங்கே சறுக்குகிறது?

வேன்காரர் நீட்டும் பட்டியலில் விவேகானந்தர் பாறைக்குப் படகு, சுசீந்திரம் கோயில், வட்டக்கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி என்று எல்லாமே இருக்கும். இத்தனை இடமா என்று மலைத்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எது எத்தனை மணிக்கு அடைக்கும் என்று முதலில் கேளுங்கள். இந்த மாவட்டத்தில் பயணம் கெடுவது பெரும்பாலும் தூரத்தால் அல்ல, பூட்டிய கதவால்தான்.

அடுத்து, கட்டணம். பேக்கேஜ் என்று சொல்வது பல நேரம் வண்டி வாடகை மட்டும்தான். “டிக்கெட்டும் இதில் சேர்த்தியா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். படகு டிக்கெட் எடுத்தாலும் விவேகானந்தர் பாறையில் நுழைவுக் கட்டணம் தனி. அரண்மனையில் கேமராவுக்குத் தனி.

படகைப் பிற்பகலுக்குத் தள்ளுவது பெரிய தவறு. கவுண்டர் காலை 8 மணிக்குத் திறக்கும். சூரிய உதயம் பார்த்த கூட்டம் டிபன் முடித்து வந்து சேருவதற்குள், ஏழரைக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். இட்லி எங்கும் ஓடிவிடாது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரத்து சேர்ந்துகொண்டால் இன்னும் முன்னதாக வர வேண்டும். பாறைக்கும் பக்கத்திலுள்ள திருவள்ளுவர் சிலைக்கும் சேர்த்து 2 மணி நேரமாவது ஒதுக்குங்கள். திரும்பும் படகுக்கும் வரிசை உண்டு என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 2024 டிசம்பர் 30-இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வழியாகப் பாறையிலிருந்து சிலைக்கு நடந்தே போகலாம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் படகு தாமதமாகும், நிற்கவும் செய்யும். துறையில் காத்துக் கிடக்காமல், நடை சாத்துவதற்குள் 13 கிலோமீட்டர் தள்ளியுள்ள சுசீந்திரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. தக்கலைக்குப் பக்கத்தில் தமிழக மண்ணில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையுடையது. இங்குள்ள விடுமுறைக் கணக்கு அங்கே செல்லாது. மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை. பன்னிரண்டரைக்குப் போய் இறங்கினால் ஓட்டமாக ஓடிப் பார்க்க வேண்டியதுதான். கண்ணாடிபோல மின்னும் கறுப்புத் தரையையும் மரச் செதுக்கல்களையும் நிதானமாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும். மரப்படிகள் குறுகல், செங்குத்து. மூட்டுவலி உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திற்பரப்பை இதே நாளில் திணிக்காதீர்கள். கன்னியாகுமரியிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேர ஓட்டம். மார்த்தாண்டம் நெரிசலில் சிக்கினால் இன்னும் கூடும். நாகர்கோவிலில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே, மலையில் பெய்த மழையாலோ பேச்சிப்பாறையில் திறந்த தண்ணீராலோ அருவியில் குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். கிளம்பும் காலையில் செய்தி பாருங்கள். அரண்மனை, மாத்தூர், திற்பரப்பு மூன்றும் மேற்குப் பக்கம். அவற்றுக்கு ஒரு நாள், கடற்கரைப் பக்கத்துக்கு ஒரு நாள் என்று பிரித்தால் சரியாக வரும்.

பட்டியலில் சூரிய அஸ்தமனம் இருந்தால் மாதத்தைப் பாருங்கள். மே, ஜூனில் சூரியன் வடமேற்கே விலகிப் போவதால் கன்னியாகுமரியில் நின்று பார்த்தால் கரைப்பக்கமாகத்தான் மறையும். கடலில் இறங்கும் காட்சிக்கு டிசம்பர், ஜனவரிதான் தோது. மற்றபடி அதற்காக டிரைவரை விரட்ட வேண்டாம்.