வின்யாலெஸ் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கியூபா போகிறவர்கள் ஹவானாவைப் பார்த்துவிட்டு, ஒரு நாளை மிச்சம் பிடித்து வின்யாலெஸுக்கு ஓடுவார்கள். தலைநகரிலிருந்து மேற்கே சுமார் 180 கிலோமீட்டர் தூரம். போக வர ஐந்தாறு மணி நேரம் சாலையிலேயே கழிந்துவிடும். மிச்ச நேரத்தில் ஒரு குகை, பாறையில் தீட்டிய பிரம்மாண்டமான சுவரோவியம், ஒரு பண்ணையில் சுருட்டுச் சுற்றும் செயல்விளக்கம், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அந்தச் சுவரோவியத்தைத் தாராளமாக விட்டுவிடலாம். யுனெஸ்கோ 1999-இல் இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்குக் குன்றுகளின் அழகு மட்டும் காரணமில்லை, இன்னமும் மாடு பூட்டி உழும் விவசாயமும்தான். அதைப் பார்க்க விடிகாலையில் அங்கே இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு இரவாவது தங்குங்கள். ஓட்டல் வேண்டாம், வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் ‘காசா பர்ட்டிகுலார்’ ஊர் முழுக்க உண்டு. வாசலில் நங்கூரம் போன்ற நீலச் சின்னம் இருக்கும்.

எந்த மாதத்திலும் போகலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. ஊருக்கு நாள்காட்டி புகையிலைதான். மழை ஓய்ந்ததும் அக்டோபர், நவம்பர் வாக்கில் நாற்று நடுகிறார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. செடியை அடியோடு வெட்டுவதில்லை. கீழ் இலையிலிருந்து தொடங்கி, பக்குவம் பார்த்துக் கையால் பறிக்கிறார்கள். பறித்த இலைகளைக் கம்புகளில் கோத்து, பனையோலை வேய்ந்த கொட்டகையில் அடுக்கடுக்காகத் தொங்கவிடுகிறார்கள். காற்றின் ஈரத்தைப் பொறுத்துக் கதவைத் திறப்பதும் மூடுவதும் தனி வேலை. பச்சை இலை பழுப்பாக வாரக்கணக்கில் ஆகும். ஜூலையில் போனால் இதில் எதுவும் கண்ணில் படாது; மக்காச்சோளமும் கிழங்குமாக வயல் வேறு மாதிரி இருக்கும், சேறும் உண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் வேறு. 2022 செப்டம்பரில் இயன் புயல் இந்த மாகாணத்தில்தான் கரை ஏறியது. ஏராளமான கொட்டகைகள் தரைமட்டமாயின.

குதிரைச் சவாரிக்கு நடுப்பகலில் கிளம்பாதீர்கள். வெள்ளைத் துணியும் வேண்டாம், அந்தச் செம்மண் கறை லேசில் போகாது.

பண்ணையில் சுருட்டுச் சுற்றிக் காட்டும்போது ஒரு வசனம் கேட்பீர்கள்: “நிக்கோட்டின் எல்லாம் இலையின் நடு நரம்பில்தான், அதை எடுத்துவிட்டோம், உடம்புக்கு ஒன்றும் ஆகாது.” நம்ப வேண்டாம். நரம்பைவிட இலையில்தான் நிக்கோட்டின் அதிகம். நரம்பை உருவுவது சுருட்டுத் தொழிலில் எங்கும் நடக்கிற சாதாரண வேலை. மற்றபடி அவர்களிடம் லேபிள் இல்லாத சுருட்டு வாங்குவதில் தப்பில்லை. விளைச்சலில் பெரும்பங்கு அரசுக்குப் போய்விடுகிறது, கையில் நிற்கும் கொஞ்சத்தில்தான் இந்த வியாபாரம். தெருவில் ஒருவர் ரகசியக் குரலில் பெரிய பிராண்ட் பெட்டியைப் பாதி விலைக்கு நீட்டினால், அது போலி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘பீன்ஸும் சோறும் தானே’ என்று அசந்துவிடுகிறார்கள். கருப்பு பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே சகஜம். காலையிலேயே வீட்டு அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பொருள் தட்டுப்பாடு கடுமை, கடைசி நேரத்தில் சொன்னால் அவர்தான் அலைய வேண்டியிருக்கும். கரண்டும் அடிக்கடி போகும். டார்ச்சும் பவர் பேங்க்கும் அவசியம்.

கார்டை நம்பிப் போகிறவர்கள் நிஜமாகவே மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்க வங்கி கார்டுகள் வேலை செய்யாது, மற்றவற்றுக்கும் ஏடிஎம் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. சின்ன நோட்டுகளாக யூரோ எடுத்துப் போங்கள். பழைய வழிகாட்டிகளில் வரும் ‘சியூசி’ நாணயம் 2021-இல் ஒழிந்துவிட்டது. யாராவது அதைச் சில்லறையாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மவர்கள் டிக்கெட் போடும் முன்பே இதை யோசிக்க வேண்டும்: 2021 ஜனவரி 12 அன்றோ அதற்குப் பிறகோ கியூபா போயிருந்தால், விசா இல்லாமல் அமெரிக்கா போக இணையத்தில் வாங்கும் ‘எஸ்டா’ அனுமதியில் போக முடியாது. தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நியூ ஜெர்சியில் தங்கை கல்யாணம் இருந்தால், நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே மாதங்கள் ஆகலாம்.