எந்த அறைக்கு எந்த சரவுண்ட் ஸ்பீக்கர்? வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

கடைக்குப் போனதும் "எத்தனை வாட்ஸ் வேணும் சார்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். சரவுண்ட் என்பது பக்கத்திலும் பின்னாலும் இருந்து சத்தம் தரும் ஸ்பீக்கர். அதனால் முதலில் சோபாவுக்கும் பின்சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்துகொள்ளுங்கள்.

படி 1: ஹால்

3 அடிக்கு மேல் இருந்தால் கவலையே இல்லை. சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் (ஷெல்ஃபில் வைக்கும் அளவு சின்னப் பெட்டி) இரண்டு போதும். டிவி இருக்கும் திசை 0 டிகிரி, தோளுக்கு நேர் பக்கம் 90 என்றால், சரவுண்டுக்கு இரு பக்கமும் 110 முதல் 120, அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால். உயரம், உட்கார்ந்தால் காது மட்டம் அல்லது சற்று மேலே.

ஆனால் நம் ஹால்களில் சோபா சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பின்சுவரில், தலைக்கு மேல் மாட்டிவிடாதீர்கள். ஓரத்தில் உட்காருபவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டுமே கேட்கும், வசனம் காணாமல் போகும். பக்கச் சுவர்களில் 90 டிகிரியில், காதுக்கு 2 அடி மேலே மாட்டுங்கள். ஒலியை இரு திசையிலும் விடும் பைபோல் வகை கிடைத்தால் இந்த இடத்துக்கு அதுதான் சரி. ஒரு பக்கம் சுவரே இல்லாமல் டைனிங்கா? அந்தப் பக்கம் ஸ்டாண்ட்.

படி 2: படுக்கையறை

10க்கு 12 அடி அறைக்கு 5.1 (ஐந்து ஸ்பீக்கரும், தாழ்ந்த ஒலியான பேஸுக்குத் தனியாக ஒரு சப்வூஃபரும்) வீண் செலவு என்பேன். டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் நல்லதாக ஒன்று போதும். சப்வூஃபர் வேண்டுமென்றால் 8 இஞ்ச். அதையும் மூலையில் தள்ளினால் பேஸ் 'கும்'மென்று அடைக்கும்.

படி 3: ஒயரும் மைக்கும்

16 கேஜ் (தடிமன் அளவு) செம்பு ஒயர் வாங்குங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மாறினாலும் பேஸ் மெலிந்துவிடும். எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் ரிசீவரோடு வரும் மைக்கைக் கையில் பிடிக்காமல், தலை இருக்கும் இடத்தில் ட்ரைபாடில் வையுங்கள். ஃபேன், ஏசி இரண்டையும் அணைத்துவிட்டு மைக்கில் ஒலியை அளக்கும் டெஸ்டை ரிசீவரில் ஓடவிடுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் வெவ்வேறு தூரத்தில் இருந்தாலும் ரிசீவரே தாமதத்தையும் சத்தத்தையும் சரிக்கட்டிவிடும்.

பின்சேர்க்கை: ஹெச்டிஎம்ஐ செருகியும் டிவி சத்தம் வரவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். டிவி, ரிசீவர் இரு பக்கமும் 'ஏஆர்சி' (டிவி சத்தத்தை ரிசீவருக்கு அனுப்பும் வழி) என்று எழுதிய போர்ட்டில்தான் செருக வேண்டும். டிவி செட்டிங்ஸில் சிஇசி-யும் (ஹெச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆனில் இருக்க வேண்டும். ஆப்டிகல் ஒயரில் 5.1 வரும், தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ் வராது.