இங்கிலாந்துக் கால்பந்து வீரரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை: ஸ்டான்லி மேத்யூஸை முன்வைத்து

கால்பந்து வீரர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை பிறந்த ஊரில் தொடங்கி, ஆடிய கிளப்புகளை வரிசையாகச் சொல்லி, போட்டிகளின் எண்ணிக்கையையும் கோல்களின் எண்ணிக்கையையும் தந்து முடிந்துவிடுகின்றன. தகவல்கள் சரியாகவே இருந்தாலும், அந்த வீரர் எப்படி ஆடினார், ஏன் ஒரு கிளப்பை விட்டு இன்னொன்றுக்குப் போனார், எந்த வருமானத்தில் குடும்பம் நடத்தினார் என்பவை படிப்பவருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. எண்களை எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் அவற்றைத் தாண்டிப் போக வேண்டும் என்பதைச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம். எடுத்துக்காட்டாக, 1930கள் முதல் 1960கள் வரை ஆடிய இங்கிலாந்து வீரர் ஸ்டான்லி மேத்யூஸைக் கொள்கிறேன். எண்களை மட்டும் பார்ப்பவர் இவரைத் தவறாக எடைபோட்டுவிடுவது மிக எளிது.

பிறப்பு, பெற்றோர், இளமை ஆகியவற்றைச் சுருக்கமாக முடித்துவிட வேண்டும். பின்னால் பயன்படப்போகும் செய்திகளை மட்டும் அங்கே வைத்தால் போதும். மேத்யூஸ் 1915 பிப்ரவரி 1 அன்று, மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஸ்டோக் நகரின் ஹான்லி பகுதியில் பிறந்தார். தந்தை ஜாக் மேத்யூஸ் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், குத்துச்சண்டை வீரரும்கூட. மகன் 50 வயது வரை களத்தில் நின்றதற்கு அதிகாலை உடற்பயிற்சியை இளமையிலேயே பழக்கிய இந்தத் தந்தை ஒரு முக்கியக் காரணம் என்பதால், அவருடைய தொழிலையும் குத்துச்சண்டையையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும். பள்ளிக்கூடத்தின் பெயரும் தெருவின் பெயரும் அப்படிக் கட்டாயமானவை அல்ல.

அடுத்து எண்களின் அட்டவணை. அதில் ஒவ்வொரு எண்ணும் எதைக் கணக்கில் எடுத்திருக்கிறது என்று பார்க்காமல் ஒன்றையும் எடுத்து எழுதக் கூடாது. இங்கிலாந்தில் பருவம் முழுவதும் அணிகள் ஒன்றோடொன்று மோதும் லீக் போட்டிகள் தனியாகவும், தோற்ற அணி வெளியேறும் முறையில் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) நடத்தும் எஃப்.ஏ. கோப்பைப் போட்டிகள் தனியாகவும் கணக்கிடப்படுகின்றன. இரண்டு கட்டுரைகளில் காணும் வேறுபாடு பெரும்பாலும் இதனால்தான் வருகிறது. மேத்யூஸ் ஸ்டோக் சிட்டிக்காக முதல் கட்டத்தில் 259 லீக் போட்டிகளும், பிளாக்பூலுக்காக 379 லீக் போட்டிகளும், ஸ்டோக்குக்குத் திரும்பிய பிறகு 59 லீக் போட்டிகளும் ஆடினார். கோல்கள் முறையே 51, 17, 3. பிளாக்பூலில் கழித்த பதினான்கு ஆண்டுகளில் லீக்கில் 17 கோல்கள் மட்டுமே என்று படிக்கும் இன்றைய ரசிகர், இவரை எதற்காகக் கொண்டாடினார்கள் என்று கேட்பது நியாயமே. கோலுக்கு வழிவகுத்த பாஸ்களை அக்காலத்தில் முறையாக யாரும் பதிவுசெய்யவில்லை என்ற ஒரு வாக்கியத்தை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே சேர்த்துவிட்டால், அட்டவணை பொய் சொல்லாது.

போர்க்கால இடைவெளிக்குத் தனி விளக்கம் தேவை. 1939 செப்டம்பரில் உலகப் போர் தொடங்கியதும் லீக் நிறுத்தப்பட்டது. அந்தப் பருவத்தில் அதுவரை நடந்த சில போட்டிகளும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. 1946 வரை லீக் மீண்டும் நடக்கவில்லை. அதாவது மேத்யூஸின் 24 வயது முதல் 31 வயது வரையிலான ஆண்டுகள், ஒரு விங்கரின் (களத்தின் ஓரமாக ஓடித் தாக்கும் வீரரின்) கால்கள் உச்ச வேகத்தில் இருக்கும் ஆண்டுகள், அட்டவணையில் வெற்றிடமாக இருக்கின்றன. ஆனால் அவர் அப்போது சும்மா இருக்கவில்லை. விமானப்படையில் சேர்ந்து பிளாக்பூல் அருகே பணியமர்த்தப்பட்டு, அந்தக் கிளப்புக்கு விருந்தாளி வீரராக ஆடினார். இங்கிலாந்துக்காக 29 போர்க்காலப் போட்டிகளிலும் இறங்கினார். அவை அதிகாரபூர்வமானவை அல்ல என்பதால் 54 சர்வதேசப் போட்டிகள், 11 கோல்கள் என்ற புகழ்பெற்ற கணக்கில் அவை சேர்வதில்லை.

அந்த 54 என்ற எண்ணையும் அப்படியே விட்டுவிட முடியாது. முதல் போட்டி 1934இல் வேல்ஸுக்கு எதிராக, கடைசிப் போட்டி 1957இல் டென்மார்க்குக்கு எதிராக. இடையில் ஏறத்தாழ 23 ஆண்டுகள். இவ்வளவு நீண்ட காலத்தில் இத்தனை போட்டிகள்தானா என்ற கேள்விக்கான விடை போரில் மட்டும் இல்லை. அன்று தேசிய அணியைத் தேர்ந்தெடுத்தது கால்பந்துச் சங்கத்தின் குழு. பயிற்சியாளருக்கு அந்த அதிகாரம் முழுமையாகக் கிடைத்தது 1963இல் ஆல்ஃப் ராம்சே வந்த பிறகுதான். இன்னொரு புகழ்பெற்ற விங்கரான டாம் ஃபின்னியா மேத்யூஸா என்ற வாதத்தில் அந்தக் குழு ஊசலாடிக்கொண்டே இருந்தது. 1950 உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் இங்கிலாந்து 0-1 எனத் தோற்ற அதிர்ச்சிப் போட்டியில் மேத்யூஸ் களமிறக்கப்படவில்லை என்பது இந்த ஊசலாட்டத்தை எடுத்துக்காட்டப் போதுமான ஒரே செய்தி.

பணத்தைப் பற்றி எழுதத் தயங்கக் கூடாது. இன்றைய சம்பளங்களை மனத்தில் வைத்துப் படிப்பவருக்கு, அன்றைய இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய வீரரும் வாரத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்க முடியாது என்ற விதியே புதிய செய்தியாக இருக்கும். 1961 ஜனவரியில் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டபோது அது வாரத்துக்கு 20 பவுண்டாக இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடுவித்தாலன்றி வீரர் வெளியேற முடியாது. தன் கிளப்பை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் தொடுத்த வழக்கில் 1963இல் தீர்ப்பு வந்த பிறகே அந்தப் பிடி தளர்ந்தது. இந்த இரண்டு விதிகளையும் விளக்கிவிட்டால், மேத்யூஸ் 1938இல் ஸ்டோக்கை விட்டு விலகக் கோரியபோது நகரமே கூட்டம் போட்டு எதிர்த்ததும், பிளாக்பூலில் அவர் விடுதி நடத்தியதும், புகைபிடிக்காத அவருடைய முகம் சிகரெட் விளம்பரத்தில் வந்ததும் வேடிக்கைச் செய்திகளாக நிற்காமல் ஒரே காரணத் தொடரில் வந்து உட்காரும். 1947இல், 32 வயதில், 11,500 பவுண்டுக்குப் பிளாக்பூல் அவரை வாங்கியது. அந்தத் தொகை போனது ஸ்டோக் கிளப்புக்கு, வீரருக்கு அல்ல என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். பலர் இதில் குழம்புகிறார்கள்.

எந்த வீரரின் வாழ்க்கையிலும் ஒரு போட்டி புராணமாகிவிட்டிருக்கும். அங்கே எழுதுபவர் நின்று நிதானிக்க வேண்டும். மேத்யூஸுக்கு அது 1953 மே 2 அன்று வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி. 1948, 1951 இறுதிப் போட்டிகளில் தோற்றிருந்த பிளாக்பூல், போல்டன் வாண்டரர்ஸிடம் 1-3 எனப் பின்தங்கியிருந்து 4-3 என வென்றது. போட்டி இன்றும் மேத்யூஸின் பெயராலேயே அழைக்கப்படுகிறது, ஆனால் அதில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை. மூன்று கோல்கள் ஸ்டான் மோர்டென்சன் பெயரில் உள்ளன. அவற்றில் முதலாவது போல்டன் வீரர் ஹாசல் மீது பட்டுத் திசைமாறிச் சென்றது என்பதால் அது யாருடையது என்ற விவாதமும் உண்டு. ஆட்டத்தின் கடைசி நொடிகளில் வெற்றிக் கோலை அடித்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த பில் பெர்ரி. மாற்று வீரர்கள் அனுமதிக்கப்படாத காலம் அது. போல்டனின் எரிக் பெல் காயத்தோடு நொண்டிக்கொண்டே ஆடினார், மேத்யூஸைத் தடுக்க வேண்டிய ரால்ஃப் பேங்க்ஸ் தசைப்பிடிப்பால் தவித்தார். இவற்றைச் சொல்வதால் மேத்யூஸின் பெருமை குறையாது. எதிரணியின் இடப்பக்கம் தளர்ந்திருப்பதைக் கண்டு, பந்தைத் திரும்பத் திரும்ப அந்தப் பக்கமே கொண்டுசென்று, பெர்ரியின் கோலுக்கான பந்தையும் அவரே அனுப்பினார் என்பது அப்போதுதான் அர்த்தம் பெறும்.

ஆட்ட முறையை வருணிக்கும்போது மந்திரவாதி, மாயக்காரர் போன்ற அடைமொழிகளை விட்டுவிட்டு, கால் என்ன செய்தது என்று எழுதுங்கள். மேத்யூஸ் பந்தோடு மெதுவாகத் தடுப்பாளரை நெருங்குவார், உடலை உட்பக்கமாகச் சாய்ப்பார், தடுப்பாளரின் எடை அந்தப் பக்கம் சாய்ந்த கணத்தில் கோட்டோரமாக வெளிப்பக்கம் பாய்வார். முதல் சில கஜங்களில் அவருக்கிருந்த வேகமே ஆயுதம். நீண்ட ஓட்டம் அல்ல. எல்லாத் தடுப்பாளர்களுக்கும் இது முன்பே தெரிந்திருந்தும் தடுக்க முடியவில்லை என்பதுதான் வியப்பு.

வயது தொடர்பான சாதனைகளை நீங்களே கணக்கிட்டுச் சரிபார்ப்பது நல்லது. 1956இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான முதல் பலோன் டோர் விருதைப் பெற்றபோது அவருக்கு 41 வயது. 1961 அக்டோபரில் ஸ்டோக்குக்குத் திரும்பினார். சில ஆயிரங்களாகச் சுருங்கியிருந்த பார்வையாளர் எண்ணிக்கை அவரது மறுவருகைப் போட்டியில் 35,000ஐத் தாண்டியது. 1963இல் அணி லீக்கின் இரண்டாம் அடுக்கான இரண்டாம் டிவிஷனை வென்று முதல் டிவிஷனுக்கு உயர்ந்தது. கடைசி லீக் போட்டி 1965 பிப்ரவரி 6, ஃபுல்ஹாமுக்கு எதிராக. வயது 50 ஆண்டுகள், 5 நாட்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே நைட் பட்டம் பெற்றதும் அதே ஆண்டில்தான்.

சங்கடமான பக்கங்களை வீரரின் புகழுக்காக மறைக்கவும் வேண்டாம், தீர்ப்பு வழங்கவும் வேண்டாம். 1938 மே மாதம் பெர்லினில் ஜெர்மனியை 6-3 என வென்ற போட்டிக்கு முன் இங்கிலாந்து வீரர்கள் நாஜி வணக்கம் செய்தனர். மேத்யூஸும் அந்த வரிசையில் நின்றார். பிரிட்டிஷ் தூதரகத்தின் விருப்பமும் கால்பந்துச் சங்கத்தின் உத்தரவும் அதற்குப் பின்னால் இருந்ததைச் சேர்த்தே எழுத வேண்டும். அதேபோல, அவர் மேலாளராக இருந்த போர்ட் வேல் கிளப் 1968இல் விதிகளுக்குப் புறம்பான பணப்பட்டுவாடாவுக்காக லீக்கிலிருந்து நீக்கப்பட்டு, உடனேயே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. சாதனைகளோடு கட்டுரையை முடிக்க விரும்புபவர்கள் அவர் மேலாளராக இருந்த இந்த ஆண்டுகளைத் தாவிவிடுகிறார்கள்; பெரிய வீரர் நல்ல மேலாளராவது உறுதியல்ல என்பதற்கு இதைவிடச் சான்று கிடைப்பது அரிது.

ஓய்வுக்குப் பிந்தைய பகுதியில் பட்டங்களையும் சிலைகளையும் அடுக்குவதைவிட, அவர் பிறகும் செய்துகொண்டிருந்த வேலையைத் தேடுங்கள். மேத்யூஸ் ஆண்டுதோறும் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று பயிற்சியளித்தார். நிறவெறிச் சட்டங்கள் நடப்பிலிருந்த தென்னாப்பிரிக்காவில், கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பான சொவேட்டோவில் கறுப்பினச் சிறுவர்களைக் கொண்டு ஓர் அணியை உருவாக்கி, 1975இல் அவர்களைப் பிரேசிலுக்கு அழைத்துச் சென்றார். இதைத் தரும காரியமாக ஒரே வரியில் எழுதி முடிக்காமல், வெள்ளையர் ஒருவர் அந்தக் குடியிருப்புக்குள் போய்ப் பயிற்சியளிப்பதே அன்றைய அரசின் கொள்கைக்கு எதிரான செயலாக இருந்ததை விளக்கி, அவருடைய கால்பந்து வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே அதற்கு ஒரு முழுப் பத்தியை ஒதுக்குங்கள்.