கைக்குழந்தையின் கண் அசைவைப் பின்தொடர்கிறதா? வீட்டிலேயே பார்க்கும் முறை

பிறந்த சில வாரங்களில் குழந்தையின் பார்வை விட்டுவிட்டுத் தாவும். பொருள் நகர்ந்துவிடும், கண் பின்தங்கும், பிறகு ஒரே குதியில் எட்டிப் பிடிக்கும். இரண்டாம் மாத வாக்கில் இடையிடையே வழுக்கிச் செல்லத் தொடங்கி, மூன்று நான்கு மாதத்தில் சீராகும். மூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு) அசைவின் திசையைப் பிரித்தறியத் தொடங்குவதே ஏறக்குறைய ஏழாவது வாரத்தில்தான். அதனால் ஒரு மாதக் குழந்தையின் கண் குதிப்பது கோளாறு அல்ல.

தேவை: எலுமிச்சை அளவில் ஒரு சிவப்பு உல்லன் உருண்டை. கிலுகிலுப்பை வேண்டாம், சத்தம் கேட்டுத் திரும்புவதைப் பார்வை என்று எண்ணிவிடுவோம்.

1. பால் குடித்து, விழித்து, அமைதியாக இருக்கும் வேளையே சரி. ஃபேனை நிறுத்துங்கள், சுழலும் ஃபேனை விட்டு அந்தக் கண் உங்கள் பக்கம் வராது.

2. குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். உருண்டையை முகத்துக்கு நேரே 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, அது பார்க்கும்வரை காத்திருங்கள்.

3. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கால் வட்டமாக நகர்த்துங்கள். 30 செ.மீ. தூரத்தில் அது சுமார் 47 செ.மீ. வரும், அதைக் கடக்க 9 வினாடி எடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: கை வேகமாகப் போய்விடும், குழந்தை பார்க்கவில்லை என்று பயந்துவிடுவார்கள். உங்கள் தலையும் கூடவே நகரக்கூடாது. உருண்டையைவிட முகமே குழந்தையை இழுக்கும்.

4. அடுத்து, 2 செ.மீ. அகலக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட பெரிய துணியைப் பார்வை நிறையுமாறு பிடித்து மெல்ல நகர்த்துங்கள். கண் பட்டையோடு போய், வெடுக்கென்று திரும்பி, மறுபடி போகும். இது பிறந்த குழந்தைக்கும் உண்டு.

ஒரு கண்ணை உள்ளங்கையால் தொடாமல் மறைத்துப் பார்த்தால் ஓர் அருமையான வேறுபாடு தெரியும். பட்டை காதுப் பக்கமிருந்து மூக்கை நோக்கி வந்தால் திறந்த கண் தொடரும். எதிர்த்திசையில் போனால் மூன்று மாதத்துக்குள் அவ்வளவாகத் தொடராது. மூளையின் அடிப்பகுதியில் பிறவியிலேயே இயங்கும் பாதை முதல் திசைக்கே உதவும். மற்றதற்குப் புறணியின் இணைப்பு முதிர வேண்டும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் இரு திசையும் சமமாகும். கைக்குழந்தைப் பருவத்திலேயே மாறுகண் வந்தவர்களுக்கு இந்தச் சமமின்மை பெரும்பாலும் மாறாமல் தங்கிவிடும்.

குறைமாதக் குழந்தை என்றால் வயதை எதிர்பார்த்த பிரசவ தேதியிலிருந்து எண்ணுங்கள். நான்கு மாதமாகியும் உருண்டையைத் தொடராவிட்டாலோ, கண் மாறியே நின்றாலோ குழந்தைகள் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கருவிழியின் நடுவில் வெண்மை தெரிந்தாலும், கண் இடைவிடாமல் ஆடினாலும் எந்த வயதிலும் உடனே போக வேண்டும்.