குழந்தைகள் இல்லாமல் டோக்கியோ டிஸ்னிக்குப் போவது எப்படி

நாற்பதைத் தாண்டிய ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு டிஸ்னி பூங்காவுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், "யாரைக் கூட்டிக்கொண்டு போகிறாய்?" என்ற கேள்விதான் முதலில் வரும். முதல் முறை போனபோது நானும் உண்மையைச் சொல்லவில்லை. வேலை நிமித்தமாக ஜப்பான் போகிறேன், ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மழுப்பினேன். அந்த மழுப்பலுக்குத் தேவையே இருக்கவில்லை என்பது மறுநாள் காலையில் ரயிலிலேயே தெரிந்துவிட்டது. எதிர் இருக்கையில் அலுவலகம் போகும் வயதுடைய இரு பெண்கள் ஒரே மாதிரியான எலிக்காதுப் பட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரின் கைப்பையிலிருந்து கம்பளிச் சட்டை போட்ட கரடிப் பொம்மை ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தை என்று சொல்லும்படி அந்தப் பெட்டியில் ஒருவரும் இல்லை.

டிஸ்னி பூங்காக்கள் இன்று அமெரிக்கா, பிரான்ஸ், சீனா எனப் பல இடங்களில் இருந்தாலும், கதைப் பித்துப் பிடித்த பெரியவர்கள் முதலில் போக வேண்டியது டோக்கியோவுக்குத்தான் என்பது என் கருத்து. பெரியவர்கள் பொம்மைக் காதுகளோடு நடப்பதை அங்கே யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. இருபது வயதைக் கடந்த பெண்கள் பழைய பள்ளிச் சீருடையை எடுத்து அணிந்துகொண்டு தோழிகளோடு வருவது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பூங்கா அமைந்திருக்கும் உராயாசு நகரம், இருபது வயதை எட்டும் தன் இளைஞர்களுக்கு நடத்தும் வயதுவந்தோர் விழாவையே 2002 முதல் டிஸ்னிலேண்டுக்குள்தான் நடத்துகிறது. இனிப் பெரியவர்கள் என்று ஊரறிய அறிவிக்கும் சடங்கைச் சின்டெரெல்லா கோட்டை இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளும் ஊரில், நம் வயதைப் பற்றி நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

எந்தப் பூங்கா?

ஒரே வளாகத்தில் இரண்டு பூங்காக்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983 ஏப்ரல் 15 அன்று திறக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு வெளியே எழுந்த முதல் டிஸ்னி பூங்கா அதுவே. டோக்கியோ டிஸ்னிசீ 2001 செப்டம்பர் 4 அன்று வந்தது. கடலையும் துறைமுகங்களையும் கருவாகக் கொண்ட இப்படியொரு பூங்கா வேறு எந்த நாட்டிலும் இல்லை. இரண்டையும் நடத்துவது டிஸ்னியிடம் உரிமம் பெற்ற ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம்.

கையில் இருப்பது ஒரே நாள் என்றால் தயங்காமல் டிஸ்னிசீக்குப் போங்கள். இத்தாலியத் துறைமுகம் ஒன்றில் நுழைந்து, எரிமலையைச் சுற்றிக்கொண்டு, 1900களின் தொடக்கத்து நியூயார்க் வழியாக அரபுக் கடற்கரைக்கு நடந்து போகும்படி அமைந்த இடம் அது. ரைடு எதிலும் ஏறாமல் சுற்றி வந்தாலே பாதி நாள் போய்விடும். 2024 ஜூன் 6 அன்று திறக்கப்பட்ட ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் பகுதியில் ஃப்ரோஸன், ரபன்ஸல், பீட்டர் பான் ஆகிய மூன்று கதைகளும் சேர்ந்துகொண்டன. இரண்டு நாள் கிடைத்தால் இரண்டாவது நாளை டிஸ்னிலேண்டுக்கு ஒதுக்குங்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது

பெரியவர்கள் பலர் தவறவிடுவது இந்தப் பகுதியைத்தான். அங்குள்ள ரைடுகளில் பாத்திரங்கள் ஜப்பானிய மொழியில் பேசுகின்றன, பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே பாடவும் செய்கின்றன. கதை முன்கூட்டியே மனதில் இல்லாவிட்டால் அழகான பொம்மைகள் வரிசையாக அசைவது மட்டுமே கண்ணில் படும். கதை தெரிந்திருந்தால் மொழி ஒரு தடையே அல்ல. ஆகவே, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, நீங்கள் ஏறப்போகும் ரைடுகளுக்கு உரிய படங்களை மாலைக்கு ஒன்றாகப் பார்த்துவிடுங்கள். பாட்டுகளின் மெட்டு காதில் தங்குவதற்காகவே மறுமுறையும் பார்க்கலாம்.

படத்தோடு நிற்காமல் மூலக்கதைகளையும் படித்துவிட்டுப் போனால், பூங்காவே வேறு விதமாகத் தெரியத் தொடங்கும். ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஸ்னோ வைட்டைக் கொல்லத் துடிப்பவள் அவளைப் பெற்ற தாயே. 1819 பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். கதையின் முடிவில் அந்த அரசி பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளை அணிந்து, சாகும்வரை ஆட வேண்டியிருக்கிறது. 1937 டிசம்பரில் வெளியான டிஸ்னி படத்தில் அவள் பாறையிலிருந்து விழுந்து சாவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னிக்கு இளவரசன் கிடைப்பதில்லை; 1989 படத்தில் அவளுக்குக் கல்யாணமே நடக்கிறது. ஃப்ரோஸனின் வேர் அதே ஆண்டர்சன் 1844இல் எழுதிய பனி அரசியின் கதையில் இருக்கிறது, ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தும் பார்த்தும் முடித்தவர்கள், எது மிஞ்சியிருக்கிறது என்று தேடத்தான் வேண்டியிருக்கும். எதை வெட்டினார்கள், எதை இனிப்பாக்கினார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்று கணக்குப் பார்ப்பது, இந்தக் கதைகளின் மேல் பெரியவர்கள் மட்டுமே காட்டக்கூடிய ஒரு பிரியம்.

இந்தத் தயாரிப்பு எங்கே உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். டிஸ்னிலேண்டின் கோட்டைக்குள் சின்டெரெல்லாவின் கதையைச் சொல்லும் கூடம் ஒன்று இருக்கிறது. நடந்து பார்க்க வேண்டிய இடம் என்பதால் அவசரக்காரர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே வைக்கப்பட்டிருக்கும் கண்ணாடிக் காலணி, 1697இல் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய வடிவத்திலிருந்து வந்தது. கிரிம் சகோதரர்களின் கதையில் காலணி பொன்னாலானது. அதில் கால் நுழைய வேண்டும் என்பதற்காக ஒரு சகோதரி கட்டைவிரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். இதை அறிந்தவர்களுக்கு அந்தக் காலணியின் முன் சற்று அதிக நேரம் நிற்கத் தோன்றும்.

நாளும் டிக்கெட்டும்

வாயிலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணாமல், பூங்காவின் இணையதளத்திலோ ஆப்பிலோ முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். பெரியவர்களுக்கான ஒரு நாள் கட்டணம் நாளைப் பொறுத்து 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை மாறுகிறது. விலை ஏறியிருக்கும் நாளில் கூட்டமும் ஏறியிருக்கும் என்பதால், நாட்காட்டியில் மலிவான தேதியைத் தேடினாலே ஓரளவுக்குச் சரியான நாள் கிடைத்துவிடும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு நம்மைப் பிணைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதுதான் தனியாகப் போகும் பெரியவர்களுக்கு இருக்கும் ஆகப்பெரிய சலுகை. அதை முழுவதும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு, ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரை வரும் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுப்பகுதி, ஆண்டு இறுதி, மார்ச் மாதத்து மாணவர் கூட்டம் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, ஜனவரி பிற்பகுதியிலோ ஜூன் மாதத்திலோ ஒரு வார நாளைத் தேர்ந்தெடுங்கள். ஜூனில் மழை பெய்யும்தான். ஆனால் மழையில் கூட்டம் குறையும், டிஸ்னிசீயின் கல் பாவிய தரையில் விளக்குகளின் வெளிச்சம் விழுந்து கிடக்கும் அழகும் மழை நாளில்தான் வாய்க்கும். ஜனவரியில் போனால், பராமரிப்புக்காக எந்த ரைடு மூடியிருக்கிறது என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆப்பைக் கைப்பேசியில் ஏற்றி, பணம் செலுத்தும் அட்டையையும் ஊரிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள். வரிசையைச் சுருக்கிக்கொள்வதற்கான கட்டணச் சீட்டுகளை உள்ளே நுழைந்த பிறகு அந்த ஆப்பில்தான் வாங்க முடியும். ஒரு ரைடுக்கு 1,500 யென்னும் அதற்கு மேலும் ஆகும். மனதுக்கு மிக நெருக்கமான ஒரே ஒரு ரைடுக்கு அதை வாங்கினால் போதும் என்பேன். தனியாக வந்திருப்பவர்களை மிச்சமிருக்கும் இருக்கைகளில் அமர்த்தும் தனி வரிசை, டிஸ்னிசீயின் இண்டியானா ஜோன்ஸ் போன்ற சில ரைடுகளில் உண்டு. மாமா, அத்தை, மூன்று பிள்ளைகள் என்று வந்தவர்கள் ஒரு மணி நேரம் நிற்கும் இடத்தில், தனி ஆள் சீக்கிரமே ஏறிவிடலாம்.

உள்ளே

டோக்கியோ நிலையத்திலிருந்து கேயோ ரயில் பாதையில் மைஹாமா நிலையம் வரை பதினைந்து நிமிடப் பயணம். ஆனால் டோக்கியோ நிலையத்துக்குள் கேயோ நடைமேடையைச் சென்றடையவே பத்து நிமிடத்துக்குக் குறையாமல் பூமிக்கடியில் நடக்க வேண்டியிருக்கும். இதைக் கணக்கில் சேர்க்காமல் கிளம்பியதால்தான் முதல் முறை நான் பூங்கா திறக்கும் நேரத்தைக் கோட்டைவிட்டேன். மைஹாமாவிலிருந்து டிஸ்னிசீக்கு மோனோரயில் இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம்.

அன்று நான் செய்த இரண்டாவது தவறு, விட்ட நேரத்தைப் பிடிக்கிறேன் என்று மாலைவரை ஓடியது. ஏழு ரைடு ஏறினேன். எதுவும் மனதில் நிற்கவில்லை. இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். காலையில் கதவு திறந்ததும் பெரிய ரைடு இரண்டு, அதற்குப் பிறகு பிற்பகல் வரை வரிசை எதிலும் நிற்காமல் நடை, அந்தி சாய்ந்த பிறகு மீண்டும் ஒன்றோ இரண்டோ. நடக்கும்போது சுவர்களைக் கவனியுங்கள். டிஸ்னிசீயின் இத்தாலியத் துறைமுகத்தில் மேல்மாடி ஜன்னல்களில் பல உண்மையானவை அல்ல. நிழல் உட்பட வண்ணத்தால் தீட்டப்பட்டவை. இத்தாலியின் கடலோர ஊர்களில் வீட்டு முகப்புகளில் இப்படித் தீட்டும் வழக்கம் இருக்கிறது; அதையே இங்கும் செய்திருக்கிறார்கள். டிஸ்னிலேண்டில் கோட்டையின் உயரம் 51 மீட்டர்தான். மேலே போகப் போகக் கற்களும் ஜன்னல்களும் சிறுத்துக்கொண்டே போவதால் அதைவிட உயரமாகத் தெரிகிறது.

நண்பகல் வெயிலுக்கு டிஸ்னிசீயில் கடற்கன்னியின் பகுதிக்குள் போய்விடலாம். அங்குள்ள விளையாட்டுகள் சிறு குழந்தைகளுக்கானவைதான், ஆனால் கூரைக்கடியில் அமைந்த அந்தக் கடலடி ராஜ்ஜியம் குளிர்ச்சியானது. நீல வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு மேலே பார்த்தாலே போதும்.

பெரிய கூட்டம் எட்டிப் பார்க்காத ஒரு ரைடை இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டும். அரபுக் கடற்கரையில் இருக்கும் சிந்துபாத்தின் படகுப் பயணம் அது. தினத்தந்தியின் கன்னித்தீவில் முடிவே காணாமல் அலைந்துகொண்டிருக்கும் சிந்துபாத்தைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, அவன் ஒரு புலிக்குட்டியோடு படகேறி, கதையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியும் விடுவதைப் பார்ப்பது தனி ஆறுதல். அழகியும் அரக்கனும், கடற்கன்னி ஆகிய படங்களுக்கு இசையமைத்த ஆலன் மென்கன் அமைத்த பாட்டு பயணம் முழுதும் வந்துகொண்டே இருக்கும். பல நாட்களில் வரிசையே இருக்காது. நான் ஒரே பிற்பகலில் மூன்று முறை ஏறியிருக்கிறேன்; மூன்றாவது முறைதான், பொம்மைகளின் விரல்கள் தாளத்துக்கு ஏற்பத் தனித்தனியாக அசைவதைக் கவனித்தேன்.

டிஸ்னிலேண்டில் ஒன்றே ஒன்றுக்குக் காத்திருக்க நேர்ந்தால், அது 2020 செப்டம்பரில் திறக்கப்பட்ட அழகியும் அரக்கனும் ரைடாக இருக்கட்டும். தண்டவாளம் எதுவும் இல்லாமல் பெரிய கோப்பைகள் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். ஏறக்குறைய எட்டு நிமிடம். பாட்டு தொடங்கியதும் நாம் உட்கார்ந்திருக்கும் கோப்பையும் அதன் தாளத்துக்கு மெல்லச் சாய்ந்தாடத் தொடங்குகிறது. நடனக் கூடத்தில் எல்லாக் கோப்பைகளும் ஒன்றையொன்று சுற்றி வரும்போது, எதிர்க் கோப்பையில் இருந்த வயதான தம்பதி கைகோத்துக்கொண்டு அமர்ந்திருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உடை, பொம்மை, சாப்பாடு

காதுப்பட்டை, தொப்பி எல்லாம் எந்நாளும் அணியலாம். ஆனால் பெரியவர்கள் கதாபாத்திரமாகவே முழு வேடம் பூண்டு வருவதற்கு ஹாலோவீன் பருவத்தில் அறிவிக்கப்படும் நாட்களில் மட்டுமே அனுமதி உண்டு. டஃபி என்ற கரடிப் பொம்மை டிஸ்னிசீயில் 2005 முதல் விற்கப்படுகிறது. பெரியவர்கள் அதற்குப் பருவத்துக்கு ஏற்ற உடுப்பு மாட்டி, உணவு மேசையில் எதிரே உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்வதைத் திரும்பும் இடமெல்லாம் காணலாம். வாங்குவதாக இருந்தால் பிற்பகலிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுங்கள், கடைசி ஒரு மணி நேரத்தில் கடைகளுக்குள் நிற்க இடம் இருக்காது.

சைவர்களுக்குத்தான் பாடு அதிகம். காய்கறி மட்டுமே இருப்பதுபோல் தோன்றும் சூப்பிலும் குழம்பிலும் மீன் சாறு கலந்திருக்கக்கூடும் என்பதால் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோய் உள்ளே உண்ண அனுமதி இல்லை. வாயிலுக்கு வெளியே அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு மறுபடியும் உள்ளே நுழையலாம் என்பதால், புளிசாதம் கட்டிக்கொண்டு போயிருந்தால் அங்கே வந்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். கறிப்பொடி மணக்கும் பாப்கார்ன் உள்ளே கிடைக்கிறது. நம் நாக்குக்கு அது இதமாகவே இருக்கும், ஆனால் அதன் சேர்மானத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊர்வலம் பார்க்க முன்வரிசை வேண்டுமானால் ஒரு விரிப்பு கொண்டுபோங்கள். தொடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை இடம் பிடிக்கக் கூடாது என்பது விதி. அந்த மணி அடித்ததும் எல்லோரும் ஓசையில்லாமல் விரிப்பைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் கடைசிவரை உட்கார்ந்தே பார்க்க வேண்டும். செல்ஃபிக் குச்சிக்கு இங்கே தடை.

பூங்கா பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மூடும். துறைமுகத்தில் இரவுக் காட்சி முடிந்ததும் மொத்தக் கூட்டமும் வாயிலை நோக்கித் திரும்பும். அப்போது நீங்கள் எதிர்த்திசையில் நடந்து, எரிமலைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால் மோனோரயிலிலும் இடம் கிடைக்கும். டோக்கியோ நிலையத்தில் அந்த நீண்ட நடை மறுபடியும் காத்திருக்கிறது, அதற்கும் கொஞ்சம் காலில் வலு வைத்துக்கொள்ளுங்கள்.