செல்ஃப் எடுக்கவில்லையா? இக்னிஷன் சுவிட்சை மாற்றும் முன்

சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டை, புளியரைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் இந்தப் புகார் அடிக்கடி வரும்: "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, இன்னைக்குச் சாவியத் திருப்புனா செல்ஃப் எடுக்க மாட்டேங்குது." பழி நேராக இக்னிஷன் சுவிட்சின் தலையில் விழும். புது சுவிட்ச் மாட்டிய பிறகும் வண்டி அசையாவிட்டால்தான் பேட்டரி ஞாபகம் வரும்.

பேட்டரிதான் முதலில். சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக்கென்று தொடர்ந்து சத்தம் வருகிறதா? அப்படியென்றால் சுவிட்சின் சிக்னல், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சோலினாய்டு வரை போய்ச் சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் பேட்டரியோ டெர்மினலோ எர்த் ஒயரோதான் காரணம்.

சத்தமே இல்லை என்றால் சுவிட்ச் பக்கம் போகலாம். பெரிய தவறு நடப்பது இங்கேதான். "அண்ணாச்சி, மீட்டர்ல பன்னெண்டு காட்டுதே, ஒயர் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்கிற அளவு. பத்து இழையில் ஒன்பது அறுந்த ஒயரும், பச்சை பிடித்த கப்ளரும் (ஒயர்களை இணைக்கும் பிளக்)கூட அதற்கு 12 வோல்ட் காட்டும். லோடு ஏறும்போதுதான் குட்டு உடையும். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு, ஒருவர் சாவியை ஸ்டார்ட்டில் பிடிக்கட்டும். மீட்டரின் ஒரு முனையை சுவிட்சுக்குள் வரும் பேட்டரி ஒயரிலும், மறுமுனையைச் செல்ஃபுக்குப் போகும் ஒயரிலும் வையுங்கள். 0.2, 0.3 என்றால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டைத் தொட்டால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது. சுவிட்ச் தேறிவிட்டால் அதே சோதனையை ரிலே, கிளட்ச் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே சோலினாய்டு வரை போங்கள். ஈரம் இறங்கும் மலையோர ஊர்களில் கப்ளரைக் கழற்றிப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டாம்.

ஒயரில் கரண்ட் வருகிறதா என்று எரிந்து காட்டும் டெஸ்ட் லாம்ப் நல்ல சாமான்தான், ஆனால் ஸ்டீயரிங் அடியில் மஞ்சள் உறை போட்ட ஒயர் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது ஏர்பேக். அந்த இடத்தைப் பிரிப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் பொறுத்திருக்க வேண்டும்.

ஃபியூஸ் மறுபடி மறுபடி போனால் 15 ஆம்பியர் இடத்தில் 30 போடாதீர்கள். அடுத்து எரிவது ஒயரிங்தான்.

என்ஜின் பிடித்து, சாவியை விட்டதும் அணைகிறதா? அப்போது சுவிட்சின் ஆன் காண்டாக்டைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னினால் அது இம்மொபிலைசர், அதாவது சாவியை அடையாளம் தெரியாவிட்டால் என்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு. சுவிட்சை மாற்றிப் பயனில்லை.

அப்புறம், சுவிட்சே போயிருந்தாலும் லாக் செட்டை முழுசாக மாற்றச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். பல கார்களில் சாவி நுழையும் பூட்டு வேறு, அதன் பின்னால் திருகியிருக்கும் மின் சுவிட்ச் வேறு. பின்பகுதியை மட்டும் மாற்றினால் பழைய சாவியே போதும்.