வீட்டில் மட்டும் பேசிய பெட்டி

படங்களையும் வீடியோக்களையும் சேமித்து நெட்வொர்க் வழியே தரும் என் நாஸ் பெட்டி, நான் வீட்டு வைஃபையில் இருக்கும்வரை சமர்த்துப் பிள்ளை. தெருமுனை தாண்டி மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ஊமையாகிவிடும். வெளியிலிருந்து பெட்டியை அடையும் வாசலாக ரவுட்டரில் 5001 போர்ட்டைத் திறந்தேன், மாறும் வீட்டு முகவரியைப் பின்தொடரும் டிடிஎன்எஸ் பெயரைப் புதுப்பித்தேன், ஃபயர்வாலைக்கூட ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தேன். மூன்று மாலைகள் வீண்.

நான்காம் நாள்தான் ரவுட்டரின் நிலைப் பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். இணையத்தின் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி (WAN IP) 100.72 என்று தொடங்கியது. வெளியே ஒரு தளத்தில் என் முகவரியைப் பார்த்தால் முற்றிலும் வேறு எண். அங்கேதான் பிடி கிடைத்தது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைக்க இணைய நிறுவனங்களுக்கென 2012இல் ஒதுக்கப்பட்டவை. அடுக்குமாடியின் வாசலிலேயே காவலாளி ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டால், மூன்றாம் மாடியில் நான் கதவைத் திறந்துவைத்து என்ன பயன்?

வாடிக்கையாளர் சேவையில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன், மரியாதைக்கு.

பிறகு நாஸிலும் கைப்பேசியிலும், கருவிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை நிறுவினேன். இணைப்பை உள்ளிருக்கும் பெட்டியே வெளிநோக்கித் தொடங்குவதால் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. அது கொடுத்த முகவரியும் 100 என்றே தொடங்க, ஒரு கணம் திக்கென்றது. அதுவும் அதே தொகுப்பைத்தான் பயன்படுத்துகிறதாம்.

திறந்துவைத்த 5001ஐ அன்றே மூடினேன். சில இடங்களில் நேரடி இணைப்பு கிடைக்காமல் ரிலே என்ற இடைச் சர்வர் வழியே சுற்றி வருகிறது. அப்போது வீடியோ திக்கித் திணறும், படங்கள் தாராளமாகத் திறக்கின்றன.